ஓட்டை அடைக்கும் பேச்சும் ஒரு கிலோ சீனியும்

2025 நவம்பர் 7 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நிதியமைச்சர் என்ற முறையில் 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைப் பாராளுமன்றத்தில் வாசித்தார். அன்று மாலை எனது கடையில் கணக்குப் பார்க்கும் மருமகன் கல்குலேட்டரைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"மாமா, வற் வரிக்குப் பதிய வேண்டிய எல்லைய வருஷத்துக்கு 6 கோடியில இருந்து 3 கோடி 60 இலட்சமாக் குறைக்கப் போறாங்க. அடுத்த ஏப்ரல்ல இருந்து. 365 ஆல பிரிச்சுப் பாத்தேன். நாளைக்கு 98,630 ரூபா வியாபாரம். நாமளும் கிட்டத்தட்ட அதுலதான் நிக்கிறோம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கேட்டார். "பெரிய கம்பனிகள்ட வரி ஓட்டைய அடைக்கிறதாத்தானே எல்லாக் கட்சியும் மேடையில சொன்னாங்க? அது எப்படி மாமா நம்மட கடையில வந்து நிக்குது?"

கலகெதரையில் குருநாகல் வீதியோரம் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பலசரக்கு வியாபாரம் செய்து வருபவன் நான். பாடசாலைப் படிப்போடு நின்றவன். பொருளாதார நிபுணன் அல்ல. ஆனாலும் மருமகனின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் தேடிப் பார்த்தேன். நம்மில் பலருக்கும் அது பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான்கு சொற்களின் குழப்பம்

மேடையில் "வரி ஏய்ப்பு", "வரி ஓட்டை", "வரிப் பாக்கி", "வரிச் சலுகை" என்ற நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். கேட்கும் நமக்கும் அவையெல்லாம் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. உண்மையில் அவை நான்கும் வெவ்வேறு.

வரி ஏய்ப்பு என்பது சட்டத்தை மீறுவது. விற்றதை மறைப்பது, இரண்டு கணக்குப் புத்தகம் வைப்பது போன்றவை இதில் அடங்கும். வரிப் பாக்கி என்பது கட்ட வேண்டும் என்று தீர்மானமாகியும் கட்டாமல் இழுத்தடிப்பது. வரி ஓட்டை என்பது சட்டத்தில் உள்ள இடைவெளியைக் கண்டுபிடித்து அதற்குள்ளால் நுழைந்து போவது. வரிச் சலுகை என்பதோ அரசாங்கமே சட்டம் இயற்றி அல்லது வர்த்தமானி வெளியிட்டுக் கதவைத் திறந்து விடுவது. முதல் இரண்டும் குற்றம் அல்லது தவறு. பின்னைய இரண்டிலும் பெரும்பாலும் குற்றமே இல்லை. எல்லாம் சட்டப்படி நடந்தவை.

அரசியல்வாதிக்கு இலகுவாக வாயில் வரும் சொல் "கள்ளன்". "வரிக் கள்ளர்களைப் பிடிப்போம்" என்றால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கதவு சட்டப்படி திறந்திருந்தால் அதற்குள்ளால் போனவன் கள்ளன் ஆக மாட்டான். பெரிய கம்பனியிடம் கணக்காளர் இருக்கிறார், சட்டத்தரணி இருக்கிறார், ஒவ்வொரு சதத்துக்கும் கடதாசி இருக்கிறது. அதிகாரி போனால் கோப்பைத் திறந்து காட்டுவார்கள். அப்படியானால் கள்ளனைத் தேடிப் புறப்பட்ட அதிகாரி எங்கே போவார்? கோப்பு இல்லாத இடத்துக்குத்தான். பில் புத்தகம் ஒழுங்காக இல்லாத சில்லறைக் கடைக்கும் ஹாட்வெயார் கடைக்கும்தான். இதில் யாருடைய சதியும் இல்லை. சொல் எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறதோ வேலையும் அந்தப் பக்கம்தான் போகும்.

மருமகனுக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான். "ஏய்ப்பு" என்ற சொல்லைக் கொண்டு ஓட்டையை அடைக்க முடியாது. அந்தச் சொல் கடைசியில் நம்மையே தேடி வரும்.

49 ரூபா 75 சதம்

இதை விளங்கிக்கொள்ள நமது கடைகளில் உள்ள சீனி மூடையைவிட நல்ல உதாரணம் இல்லை.

இறக்குமதிச் சீனிக்கு விசேட வர்த்தகப் பண்ட வரி என்றொரு அறவீடு உண்டு. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிதியமைச்சர் வர்த்தமானி மூலம் இதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். 2020 ஒக்டோபர் 13 ஆம் திகதியிட்ட வர்த்தமானி மூலம் ஒரு கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த இந்த வரி 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அதாவது கிலோவுக்கு 49 ரூபா 75 சதம் குறைப்பு. 50 கிலோ மூடைக்கு 2,487 ரூபா 50 சதம். ஒரு இலட்சம் தொன்னுக்குக் கணக்குப் பார்த்தால் 497 கோடி 50 இலட்சம் ரூபா.

மக்களின் வாழ்க்கைச் செலவைக் குறைப்பதே நோக்கம் என்று அப்போது சொல்லப்பட்டது. அந்தச் செய்தி வந்த மறுநாளே எனது கடைக்கு வழக்கமாக வரும் சிங்கள அம்மா ஒருவர், "முதலாளி, சீனிக்கு 50 ரூபா குறைத்துவிட்டார்களாமே, நீங்கள் ஏன் இன்னும் பழைய விலை?" என்று கேட்டார். எனக்குச் சரக்குத் தந்த மொத்த வியாபாரி விலையைக் குறைக்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "குறைத்தது இவர்களின் பெட்டிக்குள் போய்விட்டது" என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். "இவர்கள்" என்ற அந்தச் சொல் என் காதில் நெடுநேரம் நின்றது. 2018 இல் திகனையையும் 2019 இல் நமது கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன பிரசாரத்தையும் கண்ட நமக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

அடுத்த மாதம் அரசாங்கம் சீனிக்குக் கிலோ 85 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை விதித்தது. அந்த விலைக்கு விற்பதற்கு ஏற்ற விலையில் எனக்கு எங்கும் சரக்குக் கிடைக்கவில்லை. கூட்டி விற்றால் தண்டம், குறைத்து விற்றால் நட்டம். இரண்டு வாரங்கள் சீனி விற்பதையே நிறுத்தி வைத்தேன். வரி குறைந்ததால் எனக்கு ஒரு சதமும் வரவில்லை. ஆனாலும் கெட்ட பெயர் வந்தது, பரிசோதகர் வருவாரோ என்ற பயமும் வந்தது.

பின்னர் இந்த வரிக் குறைப்பினால் அரசாங்கத்துக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட வருமானம் இழக்கப்பட்டதாகப் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவில் தெரியவந்தது. கணக்காய்வாளர் நாயகமும் இது பற்றி விசேட அறிக்கை வெளியிட்டார். "சீனி மோசடி" என்ற பெயர் நாடெங்கும் பரவியது. எதிர்க்கட்சிகள் தேர்தல் மேடைகளிலும் அதை எடுத்துச் சென்றன.

கதையின் மறுபாதி பலருக்கு ஞாபகமில்லை. 2023 நவம்பர் 2 ஆம் திகதி முதல் அதே வரி 25 சதத்திலிருந்து மீண்டும் 50 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இம்முறை விலை ஏறத் தாமதமில்லை. 25 சத வரியில் முன்பே இறங்கிய சீனிக்கும் எனக்கு உடனடியாகப் புதிய விலைதான் சொன்னார்கள். வரி இறங்கியபோது விலை இறங்கவில்லை. வரி ஏறியபோது பழைய இருப்பும் சேர்ந்து ஏறியது. வரி போன இடம் ஒன்று, விலை போன இடம் வேறொன்று.

இந்தக் கதையில் வர்த்தமானி சட்டபூர்வமானது, சுங்கத்தில் கட்டிய 25 சதமும் சட்டபூர்வமானது. "ஏய்ப்பு" என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதற்குள் எவரையும் பிடிக்க முடியாது. பேச்சில் இருக்க வேண்டியது "கதவைத் திறந்தது யார், எதற்காக, யாருக்கு இலாபம்" என்ற கேள்விதான்.

சொல்லுக்கு உடுத்தும் உடுப்பு

ஓட்டையைத் திறப்பவர்கள் அதை ஒருநாளும் ஓட்டை என்று சொல்வதில்லை. ஊக்குவிப்பு, சலுகை, நிவாரணம், மன்னிப்பு என்று நல்ல உடுப்பு உடுத்தித்தான் அனுப்புகிறார்கள்.

அமெரிக்காவில் 2001 இல் ஜோர்ஜ் புஷ் வரிகளைக் குறைத்தபோது அதற்கு "வரி நிவாரணம்" என்றே பெயர் சூட்டப்பட்டது. கலிபோர்னியப் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஜோர்ஜ் லேக்கொப் அந்தச் சொல்லைப் பற்றிப் பின்னர் விரிவாக எழுதினார். நிவாரணம் என்று சொன்ன உடனேயே வரி ஒரு துன்பம் என்றும், அதை நீக்குபவர் இரட்சகர் என்றும், எதிர்ப்பவர் கெட்டவர் என்றும் கேட்பவரின் மனதில் பதிந்துவிடுகிறது என்பது அவருடைய கருத்து. நமக்கும் இது புதிதல்ல. வெள்ள நிவாரணத்தை எதிர்ப்பவர் யாராவது உண்டா?

நமது நாட்டில் 2003 இல் வரி கட்டாமல் பணத்தை மறைத்து வைத்தவர்களுக்காக ஒரு விசேட சட்டம் வந்தது. அதற்குக் கிடைத்த பெயர் "வரிப் பொதுமன்னிப்பு". மன்னிப்பு என்றால் கேட்கவே மனம் இளகுகிறது. ஆனால் அதுவரை ஒழுங்காகக் கட்டி வந்த வியாபாரி தான் மடையனோ என்று யோசித்தான். 2004 இல் ஆட்சி மாறிய பின்னர் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

2019 டிசம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. பதிவுக்கான பொதுவான எல்லை வருடத்துக்கு 1 கோடி 20 இலட்சத்திலிருந்து ஒரேயடியாக 30 கோடி ரூபாவாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 8 இலட்சம் ரூபாவுக்கு மேல் வியாபாரம் செய்பவர் மட்டும் பதிந்தால் போதும் என்ற நிலை. கம்பனிகளின் வருமான வரியும் 28 வீதத்திலிருந்து 24 வீதமாக இறங்கியது. "உள்ளூர் வியாபாரியைத் தூக்கி விடுகிறோம்" என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் கைதட்டினேன். கடைத்தெருவில் கைதட்டாத ஒருவரை நான் காணவில்லை.

அதன் விலை என்ன என்று 2022 இல் கண்டோம். கொவிட், உரத் தடை, கடன் சுமை என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் வரி வருமானம் 2021 இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே விழுந்திருந்தது. பொருளாதார நெருக்கடிக்கு அன்றைய ஆட்சியாளர்களும் உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது பக்கம் வந்த கணக்கு வேறு. வற் 2022 இல் 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் உயர்ந்து, 2024 ஜனவரியில் 18 வீதத்துக்கு வந்தது. பெற்றோல், டீசல், எரிவாயு ஆகியவற்றுக்கும் அப்போது வற் ஏறியது. பதிவு எல்லை 30 கோடியிலிருந்து 8 கோடி, பிறகு 6 கோடி, 2025 நவம்பரில் 3 கோடி 60 இலட்சம் என்ற பிரேரணை. மேலே பெரிதாகத் திறந்த கதவினால் போனதைக் கீழே சிறிய கதவுகளைத் தட்டித்தான் எடுக்கிறார்கள்.

சட்டப் புத்தகத்தில் உள்ள கதவுகள்

சீனிக் கதவு மீண்டும் மூடப்பட்டுவிட்டது. திறந்திருக்கும்படி சட்டத்திலேயே எழுதப்பட்ட கதவுகளும் உண்டு. 2008 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க தந்திரோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம், தெரிவு செய்யப்பட்ட பெரிய முதலீடுகளுக்கு 25 வருடங்கள் வரை வரி விலக்கு அளிக்க இடமளித்தது. 2021 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க கொழும்புத் துறைமுக நகர ஆணைக்குழுச் சட்டமோ 40 வருடங்கள் வரை போகலாம் என்றது. 40 வருடம் என்றால் எனது மருமகனின் பிள்ளை பெரியவனாகி அவனும் ஒரு கடை போட்டு நரைத்துப் போகும் காலம்.

முதலீடு வருவதற்குச் சலுகை வேண்டும் என்ற வாதத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. நாமும் புதிய இடத்தில் கடை திறந்தால் முதல் மாதம் கழிவு விலையில் விற்கத்தான் செய்கிறோம். ஆனால் எந்த வியாபாரியும் 40 வருடத்துக்குக் கழிவு விலை அறிவிப்பதில்லை. கழிவு கொடுத்தால் எத்தனை பேர் புதிதாக வந்தார்கள் என்று கணக்கும் பார்க்கிறான். சர்வதேச நாணய நிதியமும் 2023 செப்டெம்பரில் வெளியான ஆட்சி முறைமை பற்றிய அறிக்கையில், வெளிப்படையான மதிப்பீட்டு முறை வரும்வரை தந்திரோபாயக் கருத்திட்டச் சட்டத்தின் கீழ் புதிய சலுகை வழங்க வேண்டாம் என்றே ஆலோசனை சொன்னது.

பாராளுமன்றத்தில் இவை பற்றிப் பேச்சு நடக்காமல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு கடைத்தெருவுக்கு வருவதில்லை. "மொத்த உற்பத்தியில் இத்தனை வீதம்" என்று சொன்னால் எனக்கே பாதி விளங்காது. சீனி மோசடி மட்டும் ஏன் எல்லோர் வாயிலும் இருந்தது? அது கிலோவில் இருந்தது, ஒவ்வொரு வீட்டுத் தேநீர்க் கோப்பையிலும் இருந்தது.

பிரித்தானியாவிலும் இப்படி ஒன்று நடந்தது. ஸ்டார்பக்ஸ் கோப்பிக் கடை நிறுவனம் அங்கே 14 வருடங்களில் 300 கோடி பவுணுக்கு மேல் விற்பனை செய்து, கம்பனி வரியாக 86 இலட்சம் பவுண் மாத்திரமே செலுத்தியதாக 2012 ஒக்டோபரில் ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சட்டத்தை மீறியதாக எவரும் சொல்லவில்லை. ஆயினும் சனங்கள் கொதித்தார்கள். கடைகளுக்கு முன்னால் போராட்டம் நடந்தது. டிசம்பரில் அந்நிறுவனம் இரண்டு வருடங்களில் சுமார் 2 கோடி பவுண் கட்டுவதாகத் தானாகவே முன்வந்தது. கம்பனிகளின் வரி விடயம் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. கையில் பிடித்திருந்த ஒரு கோப்பைக் கோப்பியோடு அது சேர்ந்தபோதுதான் சாதாரண சனத்துக்கு உறைத்தது.

நாம் கேட்க வேண்டியவை

தேர்தல் காலங்களில் கட்சிக்காரர்கள் நமது கடைகளுக்கு வருகிறார்கள். வர்த்தக சங்கக் கூட்டத்துக்கும் வருகிறார்கள். தேநீர் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பி விடுகிறோம். இனிமேல் "பெரிய கம்பனிகளின் ஓட்டையை அடைப்போம்" என்று எவர் சொன்னாலும், எந்தக் கட்சியானாலும், மரியாதையாக நான்கு கேள்விகள் கேட்போம்.

ஒன்று, எந்தச் சட்டம், எந்த வர்த்தமானி? பெயர் சொல்ல முடியாத ஓட்டையை அடைக்க முடியாது.

இரண்டு, ஒரு கிலோவுக்கு, ஒரு லீற்றருக்கு, ஒரு மூடைக்கு எவ்வளவு, அது யாருடைய கையில் நிற்கிறது?

மூன்று, எந்தத் திகதியில் அந்தச் சலுகை முடிகிறது? முடியும் திகதி இல்லாதது சலுகை அல்ல, நன்கொடை.

நான்கு, அடைத்து வரும் பணத்தினால் எங்கள் வாடிக்கையாளர் கட்டும் எந்த வரி குறையும்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்தப் பேச்சினால் நமக்குப் பயன் இல்லை.

இதைக் கேட்பதற்கு நமக்குத் தகுதி வேண்டும். நம்மிடம் உள்ள குறையையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். "பில் போட்டா ஒரு விலை, போடாட்டா ஒரு விலை" என்ற வசனம் நமது கடைத்தெருக்களில் புழங்கும் வசனம்தானே? நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன நாளில், மேடையில் இருப்பவர் என்னைக் கள்ளன் என்று சொல்வதற்கு நானே சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டேன். நம்முடைய சிறிய குறையைக் காட்டித்தான் பெரியவர்களின் பெரிய கதவை மறைக்கிறார்கள். பில் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருப்பவன் வாய்திறந்து கேட்கலாம்.

நமது ஊரில் மடிகே என்ற பெயரை எல்லோரும் அறிவோம். கண்டி மன்னர் காலத்தில் தவளம் மாடுகளில் பொதி ஏற்றிப் போக்குவரத்துச் செய்த பிரிவுக்கு மடிகே பத்த என்று பெயர். நம் முன்னோர் பலர் அதில் சேவை செய்தவர்கள். அந்த "பத்த" என்ற சொல்தான் இன்று சிங்களத்தில் வரியைக் குறிக்கிறது. அக்காலத்துச் சுமை மாட்டின் முதுகில் இருந்தது. பாதையில் நிற்பவன் எண்ணிப் பார்க்கலாம். இன்றைய சுமை விலைக்குள் ஒளிந்திருக்கிறது. எண்ணிக் காட்ட ஒருவர் வேண்டும்.

2023 நவம்பரில் சீனி விலை ஏறியபோது நான் ஒரு சின்ன வேலை செய்தேன். சவர்க்காரப் பெட்டியின் அட்டை ஒன்றை வெட்டி, "சீனி வரி: நேற்று 25 சதம், இன்று 50 ரூபா" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தராசுக்கு மேலே தொங்கவிட்டேன். 2020 இல் என்னிடம் கேட்ட அதே அம்மா வந்தார். அட்டையை இரண்டு தடவை வாசித்தார். "அப்படியென்றால் அன்றைக்கு அந்த 50 ரூபா எங்கே போனது, முதலாளி?" என்று கேட்டார். என்னைச் சந்தேகித்து அவர் அதைக் கேட்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

வற்றுக்குப் பதியும் நாள் வந்தால் பதிவோம், கட்ட வேண்டியதைக் கட்டுவோம் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். கணக்குகளைக் கணனியில் ஏற்றும் வேலையை அவர் ஆரம்பித்துவிட்டார். இன்னொரு அட்டையும் வெட்டி வைத்திருக்கிறோம். அதில் நாம் கட்டும் வரியையும், 25 வருடம், 40 வருடம் என்று சட்டம் விலக்கு அளிக்கும் இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப் போகிறோம்.